மூன்றாவது கூப்பாடு

டோக்கன் பலகையில் முப்பத்தொன்பது எரிந்தது. நாற்பத்தேழுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அப்பா இந்நேரம் படியிறங்கி டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார், சர்க்கரை வேண்டாம் என்று கடைக்காரனிடம் சொல்லியிருக்கமாட்டார், போகட்டும், இன்றைக்கு ஒருநாள் குடித்துவிட்டுப் போகட்டும் என்று செண்பகவல்லி நினைத்தாள். நினைத்த கையோடு கைப்பையைத் திறந்து போனை எடுத்துப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. இருக்கவும் கூடாது, கூப்பிடப்போவது அப்பாவின் போனைத்தானே தவிர இவளுடையதை அல்ல. தெரிந்தும் பார்த்தாள். அடுப்பில் வைத்த பாலை மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதுபோல இனி நாற்பத்தேழு வரைக்கும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பாள், அவளுக்கே தெரியும். திருநெல்வேலியில் அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி, காது மூக்கு தொண்டைப் பிரிவு. நாற்காலிகள் நிறைந்து சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். சென்னையிலிருந்து எப்போதாவது வரும் பெரிய டாக்டர் இன்றைக்கு வந்திருக்கிறார், அப்பாவின் காதுக்கு ஆபரேஷன் பலன் தருமா தராதா என்று அவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். இன்று தவறினால் அவர் மறுபடி வருவார், அதில் சந்தேகமில்லை. அப்பா வரமாட்டார். இன்றைக்கு அவரைக் கிளப்பிக்கொண்டு வந்ததே செண்பகவல்லி ஒற்றைக்காலில் நின்றதால்தான். வந்தும் நாற்காலியில் கால்மணி நேரம்கூட உட்காரவில்லை. “இத்தன சனத்துக்கு நடுவுல உக்காந்து அந்த நர்ஸ்பிள்ள வாயவே பாத்துக்கிட்டு இருக்கணுமாக்கும்?” என்று எழுந்துவிட்டார். அவர் மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. “போயிட்டு வாங்கப்பா, ஒங்க மொற வந்தா போனு கூப்பிடும்” என்று இவள் அவர் காதருகே கத்தினாள். “யாரு, நீயா?” என்றார். “நான் இல்ல. போனே கூப்பிடும். நான் செஞ்சது.” அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியை நோக்கி நடந்துவிட்டார்.

நான் செஞ்சது. அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தபோது எவ்வளவு சுகமாக இருந்தது. என்ன செய்தாள் அவள்? அப்பாவுக்கு ஒருதரம் விளக்கப் பார்த்து, பாதியிலேயே விட்டுவிட்டாள். ‘வாசல்’ என்று ஒரு பெரிய ஆப், கரண்ட் பில்லுக்கும் காஸ் பதியவும் பஸ் பாஸுக்குமாக வீட்டுக்கு வீடு போனில் கிடப்பது. அதற்குள்ளே வேறு வேறு ஆட்கள் செய்த குட்டி ஆப்கள். ஆஸ்பத்திரியின் டோக்கன் ஆப் அதில் ஒன்று. குட்டி ஆப்புக்குத் தனியாகக் கை கால் கிடையாது. போனின் அதிர்வு, வெளிச்சம், கேமரா, மைக், இருக்கும் இடம் எல்லாம் பெரிய ஆப்பின் வழியாகத்தான் கேட்டு வாங்கவேண்டும். அந்தக் கேள்வியை வாங்கி, கொடுக்கலாமா என்று பார்த்து, போனிடம் சொல்லி, பதிலைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் பாலம்தான் அவள் எழுதியது. சொந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புரியாது என்று அவளுக்கு ஒரு எண்ணம். பாளையங்கோட்டையில் அவர்கள் குடியிருந்த போர்ஷனுக்கு மோட்டார் சுவிட்ச் வீட்டுக்காரர் ஹாலுக்குள் இருந்தது. அம்மா இடுப்பில் குடத்தோடு முற்றத்தில் நிற்பாள். “யக்கா, தண்ணி” என்பாள். உள்ளே டிவி ஓடும். கேட்டதா கேட்கவில்லையா, கேட்டும் கேட்காததுபோல இருக்கிறார்களா, இன்னொருதரம் கூப்பிட்டால் கோபித்துக்கொள்வார்களா என்று அம்மா நின்றபடியே இருப்பாள். இல்லை என்று சொல்லியிருந்தால்கூடத் தெருக்குழாய்க்குப் போயிருக்கலாம். பதில் வராமல் நிற்பதுதான் கேவலம். செண்பகவல்லி எழுதிய பாலத்தில் அந்த நிற்பது கிடையாது. குடியிருப்பவன் கேட்டால் உண்டு என்றோ இல்லை என்றோ ஒரு பதில் போய்ச் சேர்ந்தே தீரவேண்டும், போன் தூங்கிப்போனாலும் சிக்னல் செத்துப்போனாலும் ‘முடியவில்லை’ என்றாவது போகவேண்டும். அதற்காக அவள் பட்ட பாட்டை ஆபீசில் பாதிப் பேர் பைத்தியம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இன்றைக்கு ஊர் ஊராக அந்தப் பாலத்தின்மேல்தான் எல்லாம் போய்வந்துகொண்டிருக்கின்றன.

நாற்பத்தொன்று. இடையில் நாற்பது எப்போது போனது? பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் தன் போனை இவள் பக்கம் நீட்டினாள். மடியில் டிபன் தூக்கு, அதற்கு அந்தப் பக்கம் காதில் பஞ்சு வைத்த வீட்டுக்காரர்.

“இது என்னமோ கேக்குதே தாயி. ஆமான்னு குடுக்கவா?”

செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள். ‘உங்கள் முறை வந்ததும் போனை அதிரவைத்து உங்களைக் கூப்பிடலாமா? வேறெதற்கும் அல்ல.’ அவள் எழுதிய வாக்கியம். முதலில் அங்கே இருந்த தமிழைப் படித்தால் படித்தவருக்கே காய்ச்சல் வந்திருக்கும், சேவைப் பயன்பாட்டு அறிவிப்பு ஒப்புதல் என்று என்னவோ. அதை எடுத்துவிட்டு இதை வைக்க அவள் மல்லுக்கு நின்றாள். அதிலும் அந்த ‘வேறெதற்கும் அல்ல’வுக்குத் தனிச் சண்டை.

“குடுக்கலாம்மா. மொற வந்தா மட்டும் கூப்பிடும்.”

“கேட்டுட்டுச் செய்யுதானே, அந்த மட்டுக்கும் மரியாத தெரிஞ்ச பயதான்” என்று அந்த அம்மாள் விரலால் அமுக்கினாள்.

பயல் இல்லை, நான்தான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். அடக்கியது எங்கே போகும், முகத்தில் சிரிப்பாக வழிந்தது, எதிர்ச் சுவரில் காதின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்து அவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அகல அகலமாய் நிறம் பூசிய காது. அதன் உள்ளே நத்தைக்கூடு மாதிரி ஒன்று. அப்பாவின் காதில் அது வறண்டுபோயிற்றா, நரம்பு போயிற்றா, டாக்டர் சொன்னால்தான் தெரியும். சிவனணைந்தபெருமாள் என்ற அப்பாவின் பெயரை அந்தக் காலத்தில் கோர்ட்டில் தெரியாதவர்கள் இல்லை. டவாலி. மார்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை, ஜட்ஜ் எழுந்து போனால் முன்னால் நடப்பது, கேஸ் வந்தால் வராந்தாவுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது. மூன்றுதரம் கூப்பிடவேண்டும். மூன்றுக்கும் ஆள் வராவிட்டால் ‘ஆஜராகவில்லை’ என்று எழுதிவிடுவார்கள், அப்புறம் வாரண்டோ, கேஸ் தள்ளுபடியோ, அவனவன் தலையெழுத்து. அதனால் அப்பா கூப்பிடுகிற வேலையைச் சாமி கும்பிடுகிற மாதிரிச் செய்வார். மொதல்ல கூப்பிட்டதும் எவனும் வரமாட்டான் என்பார் சாப்பிட உட்காரும்போது, தன்னயத்தானா, தன் பேர்ல இன்னொருத்தன் இருக்கானான்னு அங்கனயே நின்னு யோசிப்பான். அவனுக்கு யோசிக்க இடம் விட்டு அடுத்ததைக் கூப்பிடவேண்டுமாம். கூப்பிடுகிற குரலில் அதட்டல் இருக்கக்கூடாதாம், ஏற்கெனவே பயந்து வந்தவன் ஓடிப்போவான். கடைசி வருஷங்களில் கூப்பிடுவார், எதிரே கூட்டத்திலிருந்து ‘ஆஜர்’ என்று வரும் பதில் அவருக்கு எட்டாது. யார் கை தூக்குகிறார்கள் என்று கண்ணால் தேடுவார். ஒருவரிடமும் சொல்லவில்லை. வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் மதியச் சாப்பாட்டைக் கொடுக்கப்போன செண்பகவல்லிதான் வராந்தாத் தூணோரம் நின்று அதைப் பார்த்தாள், ஆள் முன்னாலேயே நின்று ஆஜர் ஆஜர் என்கிறான், அப்பா அவன் தலைக்கு மேலே பார்த்து மூன்றாவது தரம் கூப்பிடுகிறார். தூக்குச்சட்டியைப் பக்கத்துக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

அந்த நினைப்பு இப்போது வேண்டாம். நாற்பத்துமூன்று. ஆனால் வந்துவிட்டது, வந்ததை எப்படித் திருப்பியனுப்ப. டோக்கன் ஆப்புக்கு முறை சொல்லும் வசதி வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டபோது, ஒருதரம் அதிர்ந்தால் போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மூன்று என்று இவள் சொன்னாள். ஏன் மூன்று என்று மேனேஜர் கிருபாகர் கேட்டான். முதலில் லேசாக ஓர் அதிர்வு, கொஞ்சம் விட்டு அழுத்தமாக ஒன்று, பிறகும் ஆள் வராவிட்டால் மூன்றாவதாக அதிர்வோடு டார்ச் லைட்டும் சிமிட்டவேண்டும், காது கேளாதவர் கண்ணாவது பார்க்கட்டும் என்று சொன்னாளே தவிர ஏன் மூன்று என்பதற்கு அவளிடம் ஆபீஸ் பாஷையில் பதில் இல்லை. “எங்க அப்பா அப்படித்தான் கூப்பிடுவாரு” என்றால் சிரிப்பார்கள். எவ்வளவு இடைவெளி என்று எழுதவேண்டிய இடம் வந்தபோது கணக்கு எதுவும் போடவில்லை, கண்ணை மூடி மனதுக்குள் அப்பாவின் குரலில் ஒரு பெயரைக் கூப்பிட்டாள், கோர்ட்டுப் புங்கமரத்தடியிலிருந்து வராந்தாவுக்கு ஓர் ஆள் நடந்து வருகிற அளவு விட்டாள், மறுபடி கூப்பிட்டாள். அதையே எழுதினாள். கூப்பிட்டால் பதில் சொல்ல ஒரு பொத்தானும் வைத்தாள், ‘வருகிறேன்’ என்று. “யாரு செண்பா அந்த பட்டனை அமுக்கப் போறாங்க? போன் ஆடினா எழுந்து வந்துடுவாங்க, அவ்ளோதானே” என்றான் கிருபாகர். வாஸ்தவம். சோதித்த நாள்களில் யாருமே அமுக்கவில்லை. ஆனாலும் எடுக்கவிடவில்லை. பதிலுக்கு இடமில்லாமல் கூப்பிடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இடத்தைக் கேட்டார்களே, அதுதான் பெரிய சண்டை. நோயாளி எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் வசதி, தூரத்தில் இருப்பவரை முன்கூட்டியே கூப்பிடலாம் என்று ஆஸ்பத்திரிக்காரர் கேட்டார். “குடுத்துட்டா என்ன, நம்ம ஆப்புக்குத்தான் ஏற்கெனவே லொகேஷன் பர்மிஷன் இருக்கே” என்றான் கிருபாகர். எல்லோரும் அங்கேதான் சறுக்குவார்கள். பஸ் எங்கே வருகிறது என்று பார்க்க ஜனங்கள் பெரிய ஆப்புக்குக் கொடுத்த அனுமதியை, உள்ளே குடியிருக்கும் குட்டி ஆப்புக்கும் சேர்த்துக் கொடுத்ததாக எடுத்துக்கொள்வது. “நமக்குக் குடுத்தது நமக்கு. அவங்களுக்குக் குடுக்கல” என்றாள் செண்பகவல்லி. முறை சொல்ல முறை தெரிந்தால் போதும், ஆள் எங்கே உட்கார்ந்து என்ன செய்கிறார் என்று எதற்கு? தலைகீழாக நின்று பார்த்தார்கள், அவள் விடவில்லை. கடைசியில் அந்த வழி அடைபட்டது. அவளைக் கேட்டால் மூன்று கூப்பாட்டைவிட அதில்தான் அவளுக்குப் பெருமை அதிகம். ஒரு மனுஷன் காலாற வெளியே போய் நிற்கலாம், கூப்பிட்டால் கேட்கும், ஆனால் யாரும் பின்னாலேயே வரமாட்டார்கள். இதைவிட நன்றாக ஒரு காரியத்தை அவள் வாழ்க்கையில் செய்ததில்லை. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் ஆள் இல்லை.

நாற்பத்தைந்து. போன் எங்கே வைத்திருப்பார்? சட்டைப் பையிலா? சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியும் பேனாவும் அல்லவா இருந்தன. ஐயோ, டிராயர் பை. வேட்டிக்கு உள்ளே பட்டாபட்டி டிராயரின் பையில்தான் அப்பா போனை வைப்பார், பிக்பாக்கெட்காரன் தலையால் தண்ணி குடித்தாலும் எடுக்க முடியாத இடம் என்பார். மேஜைமேல் வைத்துச் சோதித்தார்கள், கைப்பையில் வைத்து, ஜீன்ஸ் பையில் வைத்து, ஓடும் பஸ்ஸில் வைத்துச் சோதித்தார்கள். உலகத்தில் ஒரு கம்பெனியாவது பட்டாபட்டி டிராயரில் வைத்துச் சோதித்திருக்குமா? தொடையில் ஒட்டிக்கொண்டிருப்பதால் அதிர்வு நன்றாகவே தெரியும், அது ஒரு நன்மை. எடுக்கவேண்டுமானால் டீக்கடை முன்னால் நாலு பேர் பார்க்க வேட்டியைத் தூக்கவேண்டும். மூன்றாவது கூப்பாட்டுக்கு டார்ச் வேறு சிமிட்டும். வேட்டிக்குள் விளக்கு எரிய நடுரோட்டில் நிற்கும் அப்பாவை நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரித்து முடிக்குமுன் பயம் வந்தது. அதிரவே இல்லையென்றால்? விலை குறைந்த போன் அது, பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆப்களை எல்லாம் தூங்கவைத்துவிடும் ரகம். அதை மெதுவாகத் தட்டி எழுப்ப அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள், மேஜைமேல் பத்துப் போனிலும் வேலை செய்தது. அப்பாவின் போனில்? பொங்கலுக்கு வந்தபோது அவள்தான் அதில் சோதனைப் பதிப்பை ஏற்றிவிட்டாள், அன்றைக்கு வேலை செய்தது. அது பொங்கலுக்கு. பேசாமல் இப்போதே ஒரு போன் போட்டு மேலே வரச்சொல்லிவிடலாம். மணி அடித்தால் அவருக்குக் கேட்காது, அதிரும், எடுப்பார், இவள் சொல்வது புரியாது, ஆனாலும் மகள் கூப்பிடுகிறாள் என்று வந்துவிடுவார். கட்டைவிரல் அப்பா பெயர்மேல் போய் நின்றது. போன் போட்டால் அப்புறம் அவள் செய்தது என்ன? சொந்த அப்பனுக்கே நம்பிக் கொடுக்கமுடியாததை ஊராருக்குக் கொடுத்திருக்கிறாளா? அந்தப் பக்கத்து அம்மாள் நம்பி அமுக்கினாளே. விரலை எடுத்தாள்.

நாற்பத்தேழு.

கதவோரம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த சிஸ்டர் ஜெபராணி கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, “நாப்பத்தேழு, சிவனணைந்தபெருமாள்” என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். நாற்பத்தெட்டுக்கு உரிய மனிதர் கையில் ஸ்கேன் உறையோடு அப்போதே எழுந்து நின்றுவிட்டார்.

முதல் கூப்பாடு இப்போது போயிருக்கவேண்டும். குட்டி ஆப் கேட்டிருக்கும், பாலம் பார்த்திருக்கும், கொடுக்கலாம் என்று போனிடம் சொல்லியிருக்கும், டிராயர் பைக்குள் அது ஒருதரம் லேசாக நடுங்கியிருக்கும். அப்பா யோசிப்பார், தன்னைத்தானா என்று. யோசிக்கட்டும். படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். யாரோ ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தாள், ஒரு வார்டுபாய் வந்தான், அப்பாவைக் காணோம். புங்கமரத்தடியிலிருந்து வராந்தாவுக்கு நடக்கிற நேரம் ஆகிவிட்டது. இப்போது இரண்டாவது. டீக்கடையிலிருந்து மூன்று மாடி ஏற அந்த அளவு போதுமா, அவள் எழுதும்போது அப்பா படியேறுகிற வேகத்தை யோசித்தாளா, கோர்ட்டுக்கு ஏது மாடி. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் ஏற்றினால் அவரை ஏற்றமாட்டார்கள். அல்லது போன் தூங்கிவிட்டது. அல்லது அவர் டீக்கடையிலேயே இல்லை. கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதையும் செய்யக்கூடியவர்தான். எங்கே இருக்கிறார் என்று மட்டும் தெரிந்தால் போதும், படியிலா கடையிலா பஸ் ஸ்டாண்டிலா, ஒரு புள்ளி, அவ்வளவுதான். தெரிந்துகொள்ள அவளுக்கு வழி இருந்தது. ஆஸ்பத்திரிக்கு இல்லை, கிருபாகருக்கு இல்லை, அவளுக்கு இருந்தது. எங்கே பழுது என்று பார்ப்பதற்காகச் சோதனைப் போன்களுக்கென்று அவள் ஒரு சாவி வைத்திருந்தாள். அந்தச் சாவியைப் போட்டால் பட்டியலில் உள்ள எந்தப் போனிலும் எல்லா வழியும் திறக்கும். பொங்கலுக்கு ஏற்றியபோது அப்பாவின் போனும் பட்டியலில் சேர்ந்துகொண்டது. வேலை முடிந்ததும் எடுக்கவேண்டியது, இருக்கட்டும், கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தாள். ஊருக்கெல்லாம் கதவைச் சாத்திவிட்டுத் தனக்கு மட்டும் கொல்லைப்புறத்தைத் திறந்துவைத்திருந்தாளா? அப்பாதானே, தப்பில்லை என்று ஒரு மனது சொன்னது. அப்பா என்பதால்தான் தப்பு என்று இன்னொன்று சொன்னது. அவர் எழுந்து போனதே பார்க்கப்படாமல் இருக்கத்தானே? காது கேட்காதவன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதை நாலு பேர் பார்க்கவேண்டாம் என்றுதானே? தூணுக்குப் பின்னாலிருந்து ஒருதரம் பார்த்தது போதாதா? பட்டியலைத் திறந்தாள். அப்பாவின் போன் மேலேயே இருந்தது. ‘நீக்கு’ என்பதை அமுக்கினாள். நிச்சயமாகவா என்று கேட்டது, அந்தக் கேள்வியையும் அவள்தான் எழுதியிருந்தாள். நிச்சயமாக. பெயர் போய்விட்டது. இனி அவர் எங்கே என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. முதுகு தானாக நிமிர்ந்தது.

“சிஸ்டர், ஆளு இல்லன்னா அடுத்த ஆள விடவேண்டியதுதானே. பெரிய டாக்டர் எந்திச்சுப் போயிட்டாருன்னா யாரு பொறுப்பு?” என்று நாற்பத்தெட்டு கேட்டார். நியாயமான மனிதர்தான், காலையிலிருந்து காத்திருக்கிறார். கூடத்தில் இரண்டு மூன்று பேர் ஆமாம் என்று முனகினார்கள். மூன்றாவது இப்போது போகும். அதற்குப் பிறகு நாலாவது கிடையாது, அப்படித்தான் எழுதியிருக்கிறாள், மூன்றுக்கும் வராவிட்டால் டோக்கன் வரிசையின் கடைசிக்குப் போய்விடும், பெரிய டாக்டர் அதுவரை இருக்கமாட்டார். எழுந்து போய், சிஸ்டர் அவர் என் அப்பா, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லலாமா? எழுந்தாள். மூன்றாவது போய்க்கொண்டிருக்கும், இந்நேரம் டார்ச் சிமிட்டிக்கொண்டிருக்கும், சிமிட்டு, நன்றாகச் சிமிட்டு என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஜெபராணி திரையைக் குனிந்து பார்த்தாள். பிறகு நாற்பத்தெட்டைப் பார்த்தாள்.

“நீங்க செத்த உக்காருங்க அண்ணாச்சி. அவரு வாரேன்னு சொல்லிட்டாரு.”

“எங்க சொன்னாரு? ஆளையே காணோம்!”

“சொல்லிட்டாருங்கேன். இங்கன வந்திருக்கு பாருங்க.” அவள் எழுந்து டாக்டர் அறைக் கதவைத் திறந்து உள்ளே ஏதோ சொன்னாள், கதவைச் சாத்தவில்லை, ஒரு கையால் பிடித்தபடியே நின்றாள்.

அமுக்கிவிட்டாரா? அப்பாவா? பச்சையைத் தேய்த்துப் பேசவும் சிவப்பைத் தேய்த்து வைக்கவும் தவிரப் போனில் வேறு எதையும் தொடாத மனுஷன், டீக்கடை முன்னால் வேட்டியைத் தூக்கி, போனை எடுத்து, கண்ணாடியை மாட்டி, ‘வருகிறேன்’ என்பதைப் படித்து, அமுக்கியிருக்கிறார். யாரும் அமுக்கமாட்டார்கள் என்றார்களே. அப்பாவின் சொல் அந்த டீக்கடையிலிருந்து கிளம்பி அவள் போட்ட பாலத்தின் வழியாக மூன்று மாடி ஏறி அவருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காக ஒரு கதவு திறந்து நிற்கிறது, சென்னையிலிருந்து வந்த டாக்டர் உள்ளே பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருக்கிறார், சத்தம் போட்டவர் உட்கார்ந்துவிட்டார், இத்தனை பேரும் படிக்கட்டைப் பார்க்கிறார்கள். செண்பகவல்லிக்குக் கண் கரித்தது. அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஆபீசில் கைதட்டியபோதும் சம்பளம் ஏறியபோதும் இல்லாத பெருமை, உடம்பெல்லாம் சூடாக ஏறும் பெருமை, யாரிடமும் சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றாத பெருமை.

படிக்கட்டில் முதலில் வெள்ளை முடி தெரிந்தது, பிறகு சட்டை, பிறகு மடித்துக் கட்டிய வேட்டி. போனைக் கையில் நீட்டிப் பிடித்தபடி வந்தார், அதன் முதுகில் டார்ச் இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியது. கூடம் முழுக்கத் தன்னைப் பார்ப்பதை அவர் பார்த்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். நேரே மகளிடம் வந்தார்.

“நீ ஏம்ட்டி போன் போடல?” என்றார், அந்தப் பழைய வராந்தாக் குரலில். “ரெண்டு தடவ ஆடிச்சு. எப்படியும் நீ போடுவ, அப்பம் ஏறலாம்னு நின்னுக்கிட்டே இருந்தேன்.”

“நீங்கதான் வாரேன்னு சொல்லிட்டியளேப்பா.”

அவருக்குக் கேட்கவில்லை. அவள் வாயைப் பார்த்தார். நாலு பேர் நடுவில், வெட்கப்படாமல், நன்றாகக் குனிந்து பார்த்தார். அவள் மெதுவாக இன்னொருதரம் சொன்னாள். அவர் முகம் மாறியது. போனைப் பார்த்தார், கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெபராணியைப் பார்த்தார்.

“நான் சொன்னது இங்கன வந்து சேந்துட்டா?”

“சேந்துட்டு தாத்தா. அதுக்குத்தான நிக்கேன்” என்றாள் ஜெபராணி.

அவர் தலையை ஆட்டினார். போனை மகளின் கையில் கொடுத்துவிட்டு, சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார்.